பாப்பாவைக் கூப்பிடும் குரல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவைத் தவிர. உன் உடம்பு எப்படி, விரல் வலி எப்படின்னு எழுது.

போன்ல பேசினா ரெண்டே நிமிஷத்துல சண்டையில முடியுது, இனிமே கடிதம்தான்னு போன வருஷம் நீதான் சொன்னே. சரின்னு எழுதறேன். இதுல ஒரு வசதி, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது.

அம்மா குளியலறையில வழுக்கி விழுந்தவங்க அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இடுப்பு எலும்பு. இந்த வயசுக்கு ஆபரேஷன் தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். கூடத்துல ஜன்னலோரமா கட்டில் போட்டிருக்கோம். புரட்டிப் படுக்க வைக்கிறது, துடைக்கிறது, ஊட்டறது எல்லாம் நான்தான். காலையில நான் பல் டாக்டர்கிட்ட வரவேற்பு மேஜையில இருக்கிற நேரம் மட்டும் என் வீட்டுக்காரர் பார்த்துக்கறார். பஸ் ஓட்டறதை அதுக்காகவே மத்தியான ஷிப்டுக்கு மாத்திக்கிட்டார், பாவம்.

அம்மாவுக்கு நினைவு வருது, போகுது. வர்ற நேரமெல்லாம் உன்னைத்தான் கூப்பிடறாங்க. "பாப்பா, பாப்பா." தலை நரைச்சு மூக்குக்கண்ணாடி போட்ட பொம்பளை நீ, இன்னும் பாப்பா! சின்னவ நான், எனக்கு "ஏய், இவளே". ஸ்பூனை வாய்கிட்ட கொண்டு போனா, "இவளே, பாப்பா வந்துட்டாளா?"ன்னு கேக்கறாங்க. ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டா அன்னைக்கு லீவு போட்டுக் கொண்டாடுவேன்.

ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போ அக்கா. அவங்க கண்ணை மூடறதுக்குள்ள உன் முகத்தைக் காட்டிட்டுப் போ. நான் கேக்கறது அவ்வளவுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை

•

மார்ச் 25

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சௌக்கியம். விரல் நுனியெல்லாம் செருப்புத் தோல் மாதிரி காய்ச்சுப் போயிருக்கு. எங்க தொழில்ல அதுக்குப் பேர்தான் ஆரோக்கியம். நீயும் அவரும் சுகம்தானே?

உன் கடிதத்தைப் படிச்சு ரெண்டு நாள் எனக்கு வேலையே ஓடலை. உடனே கிளம்பி வரணும்னு மனசு அடிச்சுக்குது. ஆனா செப்டம்பர்ல என் புது இசைக்கோவை அரங்கேறுது. என் ஆளுயர ஹார்ப் வாத்தியம், கூட ஒரு முழு வயலின் குழு. எழுதினவளும் நான், ஹார்ப் வாசிக்கிறவளும் நான். அந்த அரங்கத்துல உயிரோட இருக்கிறவங்க எழுதினதைப் போடறதே அபூர்வம்டி. செத்துப் போனவங்களுக்குத்தான் அங்க மரியாதை.

இத்தனை வருஷம் ஓட்டல் வரவேற்பறையிலயும் விருந்து மண்டபத்து மூலையிலயும் உட்கார்ந்து வாசிச்சவ நான். ஒருத்தன் எச்சில் கிளாஸை என் ஹார்ப் தோள் மேல வெச்சுட்டுப் போனான். வாசிக்கிறதை நிறுத்தாம ஒரு கையால அதை எடுத்துக் கீழே வெச்சேன். அப்படிப்பட்டவளுக்கு இது வந்திருக்கு. விட்டா திரும்ப வராது. செப்டம்பர் முடிஞ்ச மறுநாள் அம்மா கட்டில்கிட்ட இருப்பேன்.

இதோட ஒரு சின்ன பதிவுக் கருவி அனுப்பறேன். சிவப்புப் பொத்தானை அமுக்கினா போதும். உள்ளே நகத்தளவுல ஒரு கார்டு இருக்கு, நிறைஞ்சதும் அதை மட்டும் கவர்ல போட்டு அனுப்பு. வெறும் கார்டு ரெண்டும் கூட வெச்சிருக்கேன். போன்ல பதிஞ்சா தகர டப்பா மாதிரி கேக்குது. அம்மா குரலைக் கேக்கணும் போல இருக்குடி.

அம்மாவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

•

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கயும் அப்படியே இருக்கட்டும்.

கருவி வந்துச்சு. குரலைக் கேக்கணும் போல இருக்குன்னு நீ எழுதினதைப் படிச்சுட்டு அழுதேன்னா நம்ப மாட்டே. தலையணைக்குப் பக்கத்துல வெச்சு ஒரு வாரம் பதிஞ்சேன். கார்டு உள்ளே இருக்கு.

நீ பக்கத்துல கேட்டுக்கிட்டு இருக்கிறதா நினைச்சுக்கட்டும்னு, "பாப்பாவுக்கு ஏதாவது சொல்லும்மா"ன்னு கருவியைக் காட்டினேன். அதைத் தடவிக் கொடுத்து, "பாப்பா, மெலிஞ்சுட்டியே"ன்னாங்க! எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியலை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இவளே, பாப்பாவுக்குப் பால் கொடு"ன்னு ஒரே அதட்டல்.

ஒரு கூத்து கேளு. முந்தாநாள் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டினாங்க. கை நிறைய சோப்பு நுரை, அம்மா தூக்கத்துல இருக்காங்க. நான் உள்ளே இருந்தே அம்மா குரல்ல, "யாரது, காலங்காத்தால?"ன்னேன். சின்ன வயசுல நீ ஹார்ப் வாசிச்சுக்கிட்டு இருக்கிறப்போ சமையலறையில இருந்து அம்மா மாதிரி கூப்பிட்டு உன்னை ஓடி வர வெப்பேனே, அதே குரல்தான். அந்தம்மா, "பெரியம்மா இன்னும் தெம்பாதான் இருக்காங்க"ன்னு சந்தோஷமா திரும்பிப் போயிட்டாங்க.

செப்டம்பர் ரொம்பத் தூரம் அக்கா. நடுவுல ரெண்டே நாள் வந்துட்டுப் போக முடியாதா?

உன் தங்கை

•

மே 3

என் தங்கமான தங்கச்சிக்கு,

நலமா? நான் தரையில நடக்கலை, மிதக்கறேன்.

கார்டை அறையில ஒலிபெருக்கியில போட்டேன். ஹார்ப் பக்கத்துல நின்னுச்சு. உனக்கு ஒண்ணு சொல்லணும். இத்தனை தந்தியில எது எதுன்னு கண்ணுக்குத் தெரிய, சிலதுக்குச் சிவப்புச் சாயம் போட்டிருக்கும், சிலதுக்குக் கருப்பு. அறையில யாராவது பேசினா, அந்தச் சுருதிக்குரிய தந்தி யாரும் தொடாமலே முனகும். அம்மா "பாப்பா"ன்னதும் நடுவுல ஒரு கருப்புத் தந்தி முனகுச்சு. திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே கருப்புத் தந்தி. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

என் இசைக்கோவை முழுசும் இப்ப மாறிடுச்சு. அதுவரைக்கும் எழுதின தாளையெல்லாம் கிழிச்சுப் போட்டேன். மேடையில இருட்டுல அம்மா குரல் கூப்பிடும். நான் ஹார்ப்ல பதில் சொல்வேன். வயலின்களெல்லாம் ஒரு மூச்சு மாதிரி பின்னால நிக்கும். குழுவை நடத்தறவர் கேட்டுட்டு, திரும்பப் போடச் சொன்னார், மூணு தடவை. அதுவே பெரிய பாராட்டு, சாதாரணமா எதையும் ரெண்டாவது தடவை கேக்காத மனுஷன்.

இன்னும் நிறைய வேணும்டி. அடுத்த கார்டு சீக்கிரம் அனுப்பு. டிவி சத்தம், குழாய்ச் சத்தம் வராம பார்த்துக்கோ. உன் குரலும் நடுவுல வருது, கொஞ்சம் தள்ளி நின்னுக்கோ.

இங்க ஒரே ஒரு அவயவம்தான் சும்மா இருக்கு, சுண்டு விரல். ஹார்ப்ல அதுக்கு வேலையே கிடையாது. மத்த நாலும் தேயுது.

அம்மாவுக்கு முத்தம்.

அக்கா

•

மே 22

அக்காவுக்கு,

நலம். நீ மிதக்கறேன்னு எழுதியிருக்கிறதால உன் நலத்தைக் கேக்கலை.

குரலைக் கேக்கணும் போல இருக்குன்னு எழுதினே. மகளுக்கு ஏக்கம்னு நினைச்சுட்டேன், என் மரமண்டைக்கு எட்டலை. சாமான் வாங்கற மாதிரி கேட்டிருக்கே. மேடையில ஊர் பார்க்க அம்மாவுக்குப் பதில் சொல்வியாம், இங்க வந்து பக்கத்துல நின்னு ஒரு "என்னம்மா" சொல்ல மாட்டியாம்! நல்லா இருக்குடியம்மா உங்க சங்கீதம்.

தள்ளி நின்னுக்கோன்னு எழுதியிருக்கே. தள்ளி நின்னு எப்படி ஊட்டறது? ரொட்டியைப் பால்ல ஊற வெச்சு, மசிச்சு, விரலால உதட்டுக்குள்ள வைக்கணும். இல்லேன்னா புரையேறுது. முதுகுல புண் வந்துடுச்சு. மருந்து வெச்சுக் கட்டறப்போ வலியில என் கையைக் கிள்ளறாங்க. என் கையெல்லாம் நீலம்.

சுண்டு விரலைப் பத்தி எழுதினியே, படிச்சுச் சிரிச்சேன். நம்ம வீட்டுல அது நீதான். மத்த விரலெல்லாம் தேய, ஒப்புக்குச் சப்பாணியா கூட நிக்கறது.

ஆனாலும் கார்டு அனுப்பறேன். ஏன் தெரியுமா? அதைத் தலையணைகிட்ட வெச்சா அம்மா முகம் மலருது. நீ உள்ளே இருக்கேன்னு நினைக்கிறாங்க.

டாக்டர் இந்த வாரம் என்னைத் தனியா வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். செப்டம்பர்ங்கற பேச்சே வேண்டாம்னார். ஜூன்ல வா அக்கா. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். கால்ல விழுந்து கேக்கறேன்னு வெச்சுக்கோ.

உன் தங்கை

•

ஜூலை 8

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம்னு நம்பறேன். உன் மே மாசக் கடிதத்துக்கு ஜூலையில பதில் எழுதறேன், திட்டாதே. தலைக்கு மேல வேலை. ஒத்திகை ஆரம்பிச்சாச்சு. ஹார்ப்பை மாடிக்கு ஏத்தறப்போ ஆள் ஒருத்தன் தவற விட்டான், என் உயிரே போயிடுச்சு. ஒண்ணும் ஆகலை.

டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. அம்மா கெட்டி. நம்மளையெல்லாம் அனுப்பி வெச்சுட்டுத்தான் போவாங்க.

ரெண்டாவது கார்டு கேட்டேன். பாதி வீண். அம்மா குரல் மழமழன்னு இருக்கு, தண்ணி குடிச்ச உடனே பதிஞ்சிருக்கே. முதல் கார்டுல வறண்ட தொண்டையில ஒரு கரகரப்பு இருந்துச்சே, அதுதான் எனக்கு வேணும். கோபப்படாம ஒரு உதவி பண்ணு. தண்ணி கொடுக்கறதுக்கு முன்னாடி பதிஞ்சுடு. கொஞ்ச நேரம்தான். கடைசிப் பகுதிக்கு "பாப்பா, வந்துட்டியா"ன்னு ஒரு அழைப்பு வேணும், அது இல்லாம முடிக்க முடியலை. ஆகஸ்டுக்குள்ள கிடைச்சே ஆகணும்.

செப்டம்பருக்கு அப்புறம் நான் முழுசா உங்களோட.

அக்கா

•

ஜூலை 29

அக்காவுக்கு,

இங்க எல்லாம் அமைதியா இருக்கு.

அம்மாவுக்கு இப்ப வலி இல்லை. தூக்கம்தான். புண்ணுக்கு மருந்து வைக்க வேண்டிய தேவையும் இல்லை.

நீ கேட்ட மாதிரியே பதிஞ்சு அனுப்பியிருக்கேன். தொண்டை வறண்டுதான் இருந்துச்சு. "பாப்பா, வந்துட்டியா" இருக்கு. வேற சிலதும் இருக்கு, கடைசி வரைக்கும் கேளு.

உன் ஒத்திகை நல்லா நடக்கட்டும்.

தங்கை

•

ஆகஸ்ட் 16

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் அவரும் நலம்தானே? அம்மாவுக்கு வலி குறைஞ்சது நிம்மதி.

கார்டு கிடைச்சுது. ரொம்ப உபயோகமா இருந்துச்சு. "பாப்பா, வந்துட்டியா" அப்படியே கடைசிப் பகுதியில உட்கார்ந்துடுச்சு. அதுக்குப் பொருந்த ஹார்ப்ல ஒரு சின்ன மாற்றம் பண்ணினேன், அந்தக் கருப்புத் தந்தியைக் கொஞ்சம் ஏத்தி முறுக்கிட்டேன். வேற ஒண்ணும் இல்லை.

நீ சொன்ன மாதிரி கடைசி வரைக்கும் கேட்டேன். அதுல உன்னைப் பத்தி நல்லதா ஏதோ வருது. உனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். ஆனா அதை வெட்டிட்டேன். கூப்பிடற குரல் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும், நடுவுல இன்னொருத்தரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இழுத்துப் பிடிச்ச தந்தி தளர்ந்த மாதிரி ஆயிடுது. தப்பா எடுத்துக்காதே.

அரங்கேற்றத்தை ரேடியோவுல நேரடியா போடறாங்க. அம்மா காதுகிட்ட வை.

அக்கா

•

அக்டோபர் 2

அக்காவுக்கு,

உன் நலத்தை ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கைதட்டல் நிக்கவே இல்லையே.

அம்மா காதுகிட்ட வைக்கலை. வைக்கிறதுக்குக் காது இல்லை. ஜூன் கடைசியில போயிட்டாங்க.

சாயங்காலம், ஜன்னல் வெளிச்சம் கட்டில் மேல விழுந்த நேரம். கடைசியா பேசினது, "இவளே, கதவைத் திறந்து வை, பாப்பா வருவா." திறந்து வெச்சேன். யாரும் வரலை. மூச்சு நின்னப்புறமும் அந்தக் கதவு திறந்தேதான் கிடந்துச்சு. எடுத்துட்டுப் போக ஆளுங்க வர அது வசதியா இருந்துச்சு.

உனக்குச் சொல்லணும்னு கடிதம் எழுத உட்காருவேன், கை வராது. கட்டிலை மடிச்சு வெச்சு ரெண்டு மூணு வாரம் இருக்கும், அப்பத்தான் உன் ஜூலைக் கடிதம் வந்துச்சு. "தண்ணி கொடுக்கறதுக்கு முன்னாடி பதிஞ்சுடு." அந்த வரியை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியலை. சாகறவங்க வாய்ல சொட்டுத் தண்ணி விடாம பதியச் சொல்றா என் கூடப்பிறந்தவ!

அப்ப எனக்குள்ள ஏதோ வெந்து போச்சு அக்கா. கருவியை எடுத்தேன். நாள் முழுக்க நானும் தண்ணி குடிக்கலை. அம்மா போர்வையைத் தலையோட போர்த்திக்கிட்டு, அம்மா குரல்ல உன்னைக் கூப்பிட்டேன். "பாப்பா, வந்துட்டியா." உறவுக்காரங்க ஒருத்தர்கிட்டயும் உன் நம்பர் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. இவ்வளவு பெரிய காது, தந்தி மயிரிழை இறங்கினாலே கண்டுபிடிக்கிற காது, இதைக் கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடிச்சு அலறிக்கிட்டு ஓடி வரட்டும்னு காத்திருந்தேன்.

நீ அதை மேடையில வெச்சுக் கைதட்டல் வாங்கியிருக்கே. அத்தனை பேர் அழுதாங்களாம், ரேடியோக்காரர் சொன்னார். அவங்க அழுதது எனக்கு. போய் எல்லார்கிட்டயும் சொல்லு.

இனிமே வராதே. வந்து பார்க்க இங்க ஒண்ணும் இல்லை.

தங்கை

•

அக்டோபர் 19

தங்கச்சி,

நலமான்னு கேக்கற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேக்கறேன்.

எனக்குத் தெரியும்டி.

கார்டைப் போட்ட அன்னைக்கே தெரியும். நீ "பாப்பா"ன்னதும் கருப்புத் தந்தி சும்மா இருந்துச்சு. ரெண்டாவது தடவை போட்டேன், மூணாவது தடவை போட்டேன். உன் குரல் அரை ஸ்வரம் மேல நிக்குது. படுத்த படுக்கையில இருக்கிற வயசானவங்க குரல் இறங்கும், ஏறாது. தரையில உட்கார்ந்துட்டேன். அம்மா இல்லைன்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சு போச்சு.

அழுதேனான்னு கேப்பே. அழுதேன். அழுதுட்டு எழுந்து, அந்தத் தந்தியை உன் குரலுக்கு ஏத்தி முறுக்கினேன்.

தெரிஞ்சதா எழுதினா அன்னைக்கே கிளம்பணும். கிளம்பினா அரங்கேற்றம் கிடையாது. வந்தாலும் அம்மா இல்லை. ரெண்டுமே இல்லாம நான் என்ன பண்றது? அதனாலதான் காதுகிட்ட வைன்னு எழுதினேன். நான் இப்படித்தான், உனக்குத் தெரியாததா?

நீ மட்டும் யோக்கியமா? பெத்தவ போனதைப் பெத்த மகளுக்குச் சொல்லாம வெச்சிருந்தியே. எனக்கு அழறதுக்குன்னு ஒரு நாள் கூட நீ கொடுக்கலை. ஒத்திகைக்கு நடுவுல, கழிப்பறையில, குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதேன்.

இந்த வருஷத்தோட சிறந்த படைப்புன்னு பரிசு கொடுக்கப் போறாங்களாம். வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. அதையும் மறைக்காம சொல்லிட்டேன்.

அக்கா

•

நவம்பர் 5

அக்காவுக்கு,

படிச்சேன். திட்டலாம்னு உட்கார்ந்தேன். ஒண்ணும் வரலை. திட்டறதுக்கும் கொஞ்சம் உறவு மிச்சம் இருக்கணும் போல.

காலையில வேலைக்குப் போறேன், வர்றேன். கூடத்துல கட்டில் இருந்த இடத்துல தரை மட்டும் வேற நிறமா இருக்கு. வீட்டுக்காரர் பழையபடி காலை ஷிப்டுக்கே போயிட்டார். மத்தியானம் வீட்டுல சத்தமே இல்லை.

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ வெட்டின அந்தத் துண்டு. அம்மா என்னைப் பத்திச் சொல்ற இடம். சொன்னது நான்தான், தெரியும். போர்வைக்குள்ள அழுதுக்கிட்டே பேசினேன், என்னென்ன சொன்னேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லை. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் நிறைய சொன்னேன், அம்மாவே சொல்ற மாதிரி இருந்துச்சு. அப்படியே உன் கார்டோட அனுப்பிட்டேன், இங்க நகல் கிடையாது.

சிரிக்காதே. அதைக் கேக்கணும் போல இருக்கு. வேற யார் சொல்லி நான் கேக்கப் போறேன்? அதை மட்டும் அனுப்பு. அனுப்பினா இத்தனைக்கும் சேர்த்து உன்னை மன்னிச்சுடறேன், சத்தியமா.

இவளே

•

நவம்பர் 26

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா இரு.

மூணு நாளா தேடினேன். பெட்டி, மேஜை, கம்ப்யூட்டர், எதுலயும் இல்லை. வெட்டினதை அன்னைக்கே அழிச்சுட்டேன். கார்டையும் துடைச்சுட்டு அடுத்த வேலைக்கு எடுத்துட்டேன், அதுல இப்ப ரயில் நிலையச் சத்தம் இருக்கு.

ஆனா என் காதுல இருக்குடி. சத்தியமா இருக்கு. நீ எங்க ஏறினே, எங்க இறங்கினே, எந்த இடத்துல மூச்சு வாங்கினே, எங்க அழுகையை முழுங்கிட்டு மறுபடி ஆரம்பிச்சே, எல்லாம் அப்படியே இருக்கு. ஸ்வரம் பிசகாம எழுதி இதோட ஒரு தாள் வெச்சிருக்கேன். அங்க வாசிக்கத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கோ.

வார்த்தை மட்டும் ஞாபகம் இல்லை. எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். வார்த்தையை நான் கவனிக்கவே இல்லைடி.

அக்கா